படம் எப்போது குறியீடாகிறது? குழந்தைகள் குறிகளையும் ஓவியங்களையும் கற்கும் வழி

ஒன்றரை வயதுக் குழந்தை படப்புத்தகத்தைப் புரட்டி, விரலை வைத்து "நாய்" என்கிறது. குழந்தைக்குப் படம் புரிந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மகிழ்கிறார்கள். அதே குழந்தை மூன்றரை வயதில் ஒரு வட்டத்தையும் அதிலிருந்து தொங்கும் இரண்டு கோடுகளையும் போட்டு "அம்மா" என்று நீட்டும்போது, கழுத்து எங்கே, வயிறு எங்கே என்று கேட்டு, ஒழுங்காகப் பார்த்து வரையச் சொல்கிறார்கள். முதல் முடிவு குழந்தையின் புரிதலை உள்ளதைவிடக் கூட்டி மதிப்பிடுகிறது. இரண்டாவது அதன் வரைதலை உள்ளதைவிடக் குறைத்து மதிப்பிடுகிறது.

இரண்டு தவறுகளுக்கும் வேர் ஒன்றே. படம் என்பது பொருளைப் போலவே இருக்கும் ஒன்று, அதைப் புரிந்துகொள்ளக் கண் போதும், அதை வரையக் கண்ணும் கையும் போதும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கடந்த நூறாண்டுகளில் குழந்தை உளவியல் சேர்த்துவைத்திருக்கும் சான்றுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. அவற்றை அடிப்படையிலிருந்து வரிசையாகப் பார்ப்போம்.

## குறியீடு என்றால் என்ன

ஒருவர் வேறொன்றைக் குறிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு பயன்படுத்தும் எதையும் குறியீடு எனலாம். சொல், ஓவியம், நிழற்படம், நிலப்படம், எண், எழுத்து, பொம்மை ஆகிய எல்லாம் இதில் அடங்கும். ஒவ்வொரு குறியீட்டிலும் மூன்று கூறுகள் உண்டு.

1. குறிக்கும் பொருள். தாளில் படிந்த மை, காற்றில் எழும் ஒலி, பிடித்துவைத்த களிமண். இது தன்னளவில் ஒரு பொருள். தொடலாம், கிழிக்கலாம், அழிக்கலாம்.

2. குறிக்கப்படுவது. அந்த மையோ ஒலியோ எதை நினைவூட்டுகிறதோ அது. அது எதிரில் இருக்க வேண்டியதில்லை. உலகில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

3. நோக்கம். இது அதைக் குறிக்கட்டும் என்று யாரோ ஒருவர் எண்ணியிருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஒற்றுமை என்ற கூறு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே அச்சில் வார்த்த இரண்டு கரண்டிகள் முழுக்க முழுக்க ஒத்திருந்தாலும் ஒன்று மற்றொன்றைக் குறிப்பதில்லை. "நாய்" என்ற ஒலியில் நாயின் சாயல் துளியும் இல்லை, ஆனாலும் அது நாயைக் குறிக்கிறது. ஒற்றுமை குறியீட்டைக் கண்டுகொள்ள உதவலாம், ஆனால் அதுவே குறியீட்டை உண்டாக்கிவிடாது. குழந்தை கற்க வேண்டியது முதல் இரண்டு கூறுகளுக்கும் இடையே மூன்றாவது கூறு கட்டும் பாலத்தை. கண் நன்றாகத் தெரிவதால் மட்டும் அந்தப் பாலம் புலப்படாது.

## அடையாளம் காண்பது வேறு, புரிந்துகொள்வது வேறு

படத்தில் உள்ளதை அடையாளம் காணக் குழந்தைக்குப் பாடம் வேண்டியதில்லை. ஜூலியன் ஹாக்பர்க், வர்ஜீனியா புரூக்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1962-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழந்தை 19 மாதம் வரை கூடியவரை படங்களே கண்ணில் படாமல் வளர்க்கப்பட்டது. அந்தக் குழந்தை பொருட்களின் பெயர்களைப் பொருட்களை வைத்தே கற்றது. எந்தப் படத்தையும் காட்டி இது இன்னது என்று யாரும் சொல்லவில்லை. பிறகு கோட்டோவியங்களையும் நிழற்படங்களையும் முதன்முதலாகக் காட்டியபோது, அது அவற்றில் இருந்த பொருட்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டியது.

ஆகவே அடையாளம் காணும் திறன் இயல்பாகவே வருகிறது. ஆனால் படம் என்பது என்ன வகைப் பொருள் என்ற அறிவு அதனோடு சேர்ந்து வருவதில்லை. ஜூடி டிலோச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதக் குழந்தைகளுக்கு முன்னால் பொருட்களின் வண்ண நிழற்படங்கள் கொண்ட புத்தகத்தை வைத்தார்கள். குழந்தைகள் படத்தைத் தடவினார்கள், தட்டினார்கள், பொருளைத் தாளிலிருந்து எடுத்துவிட முயல்வது போல விரல்களைக் குவித்துப் பிடித்தார்கள். அமெரிக்கக் குழந்தைகளிடம் கண்ட இந்தச் செயலை மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டுக் கிராமக் குழந்தைகளிடமும் அவர்கள் கண்டார்கள். பொருளுக்கும் படத்துக்கும் வேறுபாடே தெரியாமல் இப்படிச் செய்கிறார்கள் என்று கொள்ள முடியாது. இரண்டையும் அருகருகே வைத்தால் குழந்தைகள் பொருளைத்தான் எடுக்கிறார்கள். வேறுபாடு தெரிகிறது; அந்த வேறுபாட்டின் பொருள்தான் தெரியவில்லை. 19 மாத அளவில் பிடிக்கும் முயற்சி ஏறக்குறைய மறைந்து, குழந்தை படத்தைச் சுட்டிக்காட்டிப் பெயர் சொல்லத் தொடங்குகிறது. தொட்டுப் பார்க்கும் பொருளாக இருந்த படம், பேசுவதற்குரிய ஒன்றாக மாறும் இடம் அது.

## மாதிரி அறைச் சோதனை

இத்துறையில் அதிகம் பேசப்படும் சோதனையை டிலோச் 1987-இல் வெளியிட்டார். எளிமையானது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்லலாம்.

ஓர் உண்மையான அறையில் நீள்சாய்விருக்கை, அலமாரி, கூடை, தலையணை எல்லாம் இருக்கின்றன. பக்கத்திலேயே அதே அறையின் சிறிய மாதிரி, அதே அறைகலன்களின் சிறிய வடிவங்களோடு, அதே அமைப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. பெரிய நாய்ப் பொம்மையின் வீடு பெரிய அறை. சின்ன நாய்ப் பொம்மையின் வீடு சின்ன அறை. இரண்டும் எப்போதும் ஒரே இடத்தில்தான் ஒளியும் என்று குழந்தையிடம் நன்கு விளக்கப்படுகிறது. பிறகு குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்ன நாயைச் சின்னச் சாய்விருக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டு, "பெரிய நாய் அதன் அறையில் எங்கே ஒளிந்திருக்கிறது, கண்டுபிடி" என்கிறார்கள்.

மூன்று வயதைச் சற்றே கடந்த குழந்தைகள் நேராகப் பெரிய சாய்விருக்கைக்குப் போகிறார்கள். நான்கில் மூன்று முறைக்கு மேல் அவர்கள் சரி. ஆனால் இரண்டரை வயதுக் குழந்தைகள் உற்சாகத்தோடு அறைக்குள் ஓடி, தலையணையைத் தூக்கிப் பார்க்கிறார்கள், கூடையைக் கவிழ்க்கிறார்கள்; சரியாகக் கண்டுபிடிப்பது ஐந்தில் ஒரு முறைகூட இல்லை. மறந்துவிட்டார்களோ என்று ஐயுற்று, மாதிரி அறைக்குத் திரும்ப அழைத்து வந்து சின்ன நாய் எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் தயக்கமின்றி எடுத்துக் கொடுக்கிறார்கள். நினைவு சரியாக இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, விளையாட்டும் புரிந்திருக்கிறது. சின்ன அறையில் கண்டது பெரிய அறையைப் பற்றிய செய்தி என்பது மட்டும் புரியவில்லை. இரண்டு வயதுகளுக்கும் இடையே உள்ளது சுமார் ஏழு மாதம்.

டிலோச் தந்த விளக்கத்தின் பெயர் இரட்டைப் பிரதிநிதித்துவம். மாதிரி அறை தன்னளவில் கவர்ச்சியான விளையாட்டுப் பொருள். அதே வேளையில் அது இன்னோர் அறையின் குறியீடு. ஒரே பொருளை ஒரே நேரத்தில் இந்த இரண்டாகவும் மனத்தில் நிறுத்த வேண்டும். இளம் குழந்தையின் கவனத்தை முதலாவது முழுவதுமாகப் பிடித்துக்கொள்வதால் இரண்டாவதற்கு இடம் கிடைப்பதில்லை. இந்த விளக்கம் சரியென்றால், பொருளாக அதன் கவர்ச்சியைக் குறைக்கும்போது புரிதல் கூட வேண்டும். கவர்ச்சியைக் கூட்டும்போது புரிதல் குறைய வேண்டும். பின்வந்த சோதனைகள் அதையே காட்டின.

1. மாதிரி அறையைத் தொட முடியாதபடி கண்ணாடிக்குப் பின்னால் வைத்தபோது, இரண்டரை வயதுக் குழந்தைகள் முன்னைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள்.

2. மூன்று வயதுக் குழந்தைகளை முதலில் சில நிமிடங்கள் அந்த மாதிரியோடு விளையாடவிட்டபோது, அவர்களின் வெற்றி குறைந்தது. பழகப் பழகப் புரியும் என்ற பொது எண்ணத்துக்கு இது நேர் எதிர்.

3. மாதிரிக்குப் பதில் அறையின் படத்தைக் காட்டியபோது, மாதிரியில் தோற்ற அதே வயதினர் வென்றார்கள். படம் தட்டையானது, அறையை அவ்வளவாக ஒத்ததும் அன்று. ஆனால் வைத்து விளையாட அதில் ஒன்றுமில்லை. வேறொன்றைக் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. இரண்டு வயதில் இதுவும் கைகூடுவதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக என்னைக் கவர்ந்தது 1997-இல் வெளியான சுருங்கும் அறைச் சோதனை. ஓர் இயந்திரத்தைக் காட்டி, அது பொருட்களைச் சுருக்கிவிடும் என்று இரண்டரை வயதுக் குழந்தைகளிடம் சொன்னார்கள். ஒரு பொம்மையை அதன் முன் வைத்து, வெளியே போய்க் காத்திருந்து, திரும்பி வந்தால் அங்கே சின்னஞ்சிறு பொம்மை இருந்தது. பிறகு அறையையே இப்படிச் "சுருக்கினார்கள்". இப்போது குழந்தைக்கு இரண்டு அறைகள் இல்லை. தான் முன்பு பார்த்த அறையேதான் சின்னதாக முன்னால் இருக்கிறது. ஒன்று மற்றொன்றைக் குறிக்கிறது என்று எண்ணவேண்டிய தேவையே எழவில்லை. பெரிய அறையில் ஒளித்துவைத்த பொம்மையைச் சின்ன அறையில் குழந்தைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். பொருத்திப் பார்க்கும் அறிவு அவர்களிடம் முன்பே இருந்தது. தடையாக நின்றது குறியீட்டு உறவு மட்டுமே.

திரைக்கும் இது பொருந்தும். பக்கத்து அறையில் பொம்மையை ஒளிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்த இரண்டு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. சன்னல் வழியாக நேரில் பார்த்தபோது கண்டுபிடித்தார்கள். திரையில் தெரிவது சன்னலில் தெரிவதைப் போலவே இருந்தும் இந்த வேறுபாடு எழுகிறது. மிக இளம் வயதினர் காணொளியிலிருந்து கற்பது நேரில் கற்பதைவிடக் குறைவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையிலான குழந்தைகள் சில வேளைகளில் கைக்குள் அடங்கும் பொம்மைக் காருக்குள் காலை நுழைக்கப் பார்ப்பதும், பொம்மை நாற்காலியில் உட்கார முயல்வதும் உண்டு. டிலோச், டேவிட் உட்டல், கார்ல் ரோசன்கிரன் ஆகியோர் 2004-இல் இதை ஆராய்ந்து அளவுப் பிழை என்று பெயரிட்டார்கள். குழந்தை விளையாட்டாக நடிக்கவில்லை. முழு முயற்சியோடு உட்காரத்தான் பார்க்கிறது. வகையை அறிவது ஒரு வேலை, அளவை அறிவது இன்னொரு வேலை. அவை இரண்டும் அந்த வயதில் சில கணங்களுக்கு இணையாமல் போகின்றன.

## வரைந்தவர் எதை எண்ணினார்

மூன்றாவது கூறான நோக்கத்தைக் குழந்தைகள் எப்போது கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்? நாம் எதிர்பார்ப்பதைவிட மிக முன்னதாகவே. பால் புளூம், லோரி மார்க்சன் ஆகியோர் 1998-இல் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஒரு பலூனையும் ஒரு குச்சி மிட்டாயையும் வரையச் சொன்னார்கள். அந்த வயதுக் கையில் இரண்டுமே ஒரு வட்டமும் ஒரு கோடும்தான். பார்ப்பவருக்கு எது எது என்று தெரியாது. சற்று நேரம் கழித்து அந்தத் தாள்களையே காட்டிக் கேட்டபோது, பலூன் என்று எண்ணி வரைந்ததைப் பலூன் என்றும், மிட்டாய் என்று எண்ணி வரைந்ததை மிட்டாய் என்றும் குழந்தைகள் சொன்னார்கள். வடிவம் தராத விடையை, வரையும்போது இருந்த எண்ணம் தந்தது.

"இது என்ன, உருளைக்கிழங்கா?" என்று பெரியவர் கேட்டதும் சில குழந்தைகள் கொதித்தெழுவது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தான் எண்ணியதே அந்தப் படத்தின் பொருள் என்பதில் குழந்தைக்கு ஐயமில்லை.

## கிறுக்கலிலிருந்து உருவம் வரை

இதுவரை பார்த்தது புரிந்துகொள்ளும் பக்கம். உருவாக்கும் பக்கம் வேறொரு சிக்கலோடு வருகிறது: எண்ணியதைத் தாளில் நிறுத்தக் கையும் திட்டமும் தேவை.

கிறுக்கல் வெறும் கையசைவு என்ற கருத்தை ஓர் எளிய சோதனை அசைத்தது. கிப்சன், யோனாஸ் ஆகியோர் 1968-இல் இளம் குழந்தைகளிடம் எழுதும் பென்சிலையும், அதே போன்ற, ஆனால் தடம் விடாத கோலையும் கொடுத்தார்கள். தடம் விழாதபோது குழந்தைகளின் கிறுக்கல் வெகுவாகக் குறைந்தது. கையசைவின் இன்பம் மட்டுமே காரணமானால் தடம் விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன? தான் செய்ததன் அடையாளம் அங்கே தங்கிவிடுகிறது என்பதே குழந்தையை ஈர்க்கிறது.

அடுத்த கட்டத்தில் அசைவே குறியீடாகிறது. இரண்டு வயதுக் குழந்தை "முயல், முயல்" என்று சொல்லியபடி வண்ணக்கோலைத் தாளின் மேல் துள்ளவிடும். தாளில் கிடைப்பது புள்ளிகளின் வரிசை. அதில் முயலின் காதோ வாலோ இல்லை. ஆனால் துள்ளல் இருக்கிறது. தாளை மட்டும் எடுத்துப் பார்ப்பவர் கிறுக்கல் என்பார். வரைதலை உடனிருந்து பார்த்தவர் மட்டுமே அதைப் படிக்க முடியும். குழந்தையின் சைகையும் விளையாட்டும் ஓவியமும் ஒரே தொடரின் கண்ணிகள் என்றும், எழுத்தின் முன்வரலாறு அங்கேதான் தொடங்குகிறது என்றும் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி வாதிட்டது இத்தகைய செயல்களை வைத்தே.

பிரான்சின் ஜார்ஜ் ஹென்றி லூக்கே தம் மகளின் ஓவியங்களைச் சிறு வயது முதல் தொகுத்து ஆராய்ந்து, 1913-லும் 1927-லும் வெளியிட்ட நூல்களில் வரைதலின் வளர்ச்சியை நான்கு நிலைகளாகப் பிரித்தார்.

1. தற்செயல் மெய்ம்மை. ஏதோ கிறுக்கிய பிறகு அதில் ஒரு சாயலைக் கண்டு, "பறவை" என்று குழந்தை பெயரிடுகிறது.

2. கைகூடாத மெய்ம்மை. இன்னதை வரைவது என்று முன்பே முடிவு செய்துவிட்டுத் தொடங்குகிறது. ஆனால் உறுப்புகள் இணையாமல் ஆங்காங்கே நிற்கின்றன.

3. அறிவுசார் மெய்ம்மை. கண்ணுக்குத் தெரிவதை விட்டு, பொருளைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை வரைகிறது. சுவர் வழியே உள்ளிருப்பவர் தெரியும் வீடு, நான்கு காலும் நான்கு பக்கம் விரிந்த மேசை ஆகியவை இந்நிலைக்கு உரியவை.

4. காட்சிசார் மெய்ம்மை. ஓரிடத்தில் நின்று பார்த்தால் எது தெரியுமோ, எது மறையுமோ, அதற்கேற்ப வரைகிறது. இது சுமார் எட்டு, ஒன்பது வயதில் வலுப்பெறுகிறது.

இந்த நிலைகளை ஏணிப்படிகளாகக் கொள்ளக் கூடாது. ஒரே குழந்தை வெவ்வேறு நிலைகளில் மாறி மாறி வரையும் என்பதை லூக்கேயே குறிப்பிட்டிருக்கிறார். மூன்றாம் நிலையை நான்காவதன் குறைப் பிறவியாகப் பார்ப்பதும் சரியன்று. எண்ணங்களைத் தாளில் வைக்கும் முழுமையான வேறொரு முறை அது.

மனிதருக்கு மட்டும் இந்தப் பாதை உரியதா என்ற கேள்விக்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-இல் ஒரு விடை தந்தார்கள். கண்கள் இல்லாத சிம்பன்சி முகக் கோட்டோவியத்தைக் கொடுத்தபோது, இரண்டரை வயதைத் தாண்டிய குழந்தைகள் இல்லாத கண்ணை வரைந்து நிரப்பினார்கள். சிம்பன்சிகளும் பென்சிலை நன்றாகவே கையாண்டு, இருக்கும் கோடுகளைத் தொடர்ந்தன, உறுப்புகளின் மேல் தீட்டின. ஆனால் இல்லாததை நிரப்பவில்லை. எதிரில் இல்லாத ஒன்றை எண்ணிக் கோடு போடுவதில்தான் வேறுபாடு.

## தலைப்பிரட்டை மனிதன்

மூன்று வயதை ஒட்டி உலகின் பல பகுதிகளிலும் குழந்தைகள் வரையும் முதல் மனித உருவம் ஒரு வட்டம், அதனுள் முகம், கீழே இரண்டு கால்கள். தவளைக் குஞ்சைப் போல இருப்பதால் தலைப்பிரட்டை உருவம் என்று பெயர். உடல் எங்கே போயிற்று?

குழந்தைக்கு உடலைப் பற்றித் தெரியவில்லை என்பது விடையாகாது. வயிற்றைத் தொடு என்றால் தொடுகிறது, கழுத்தைக் காட்டு என்றால் காட்டுகிறது. உறுப்புகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி வரையச் சொன்னாலோ, களிமண்ணில் செய்யச் சொன்னாலோ, தானாக வரையும் படத்தில் இல்லாத உறுப்புகள் வந்து சேர்கின்றன என்று கிளேர் கோலோம்ப் காட்டினார். தலைப்பிரட்டை உருவத்தில் தொப்புளை வைக்கச் சொன்னால், சில குழந்தைகள் வட்டத்துக்குள் முகத்துக்குக் கீழே வைக்கிறார்கள். சிலர் இரண்டு கால்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் வைக்கிறார்கள். முதல் வகையில் வட்டமே தலையும் உடலுமாக இருக்கிறது. இரண்டாம் வகையில் உடல் அங்கேதான் இருக்கிறது. எல்லைக் கோடு போடாததால் நம் கண்ணுக்குத் தெரியவில்லை.

நார்மன் ஃப்ரீமன் வரையும் செயலையே வரிசையாகக் கவனித்தார். தாளில் வரையும்போது எதை முதலில் போடுவது, அடுத்தது எங்கே ஒட்டும், இடம் போதுமா என்று குழந்தை ஒரே நேரத்தில் திட்டமிட வேண்டியிருக்கிறது. வரிசையின் தொடக்கமும் முடிவும் நினைவில் நிற்கின்றன, நடுப்பகுதி நழுவுகிறது. தலை தொடக்கம், கால் முடிவு, உடல் நடு. தலையும் உடலும் வரைந்து தயாராக உள்ள உருவத்தில் கைகளை மட்டும் சேர்க்கச் சொன்னபோது, இரண்டு வட்டங்களில் எது பெரிதோ அதில் கைகளை ஒட்டும் போக்கு தெரிந்தது. கை எங்கே இருக்கும் என்று தெரியாத குழந்தைகள் அல்லர் அவர்கள். தாளில் முன்பே உள்ள வடிவம் அவர்களின் முடிவை இழுத்துச் செல்கிறது.

கோப்பைச் சோதனையும் இதே செய்தியைத் தருகிறது. ஃப்ரீமனும் ஜானிகூனும் 1972-இல் பக்கவாட்டில் பூ ஒட்டிய ஒரு கோப்பையை, பிடி பின்னால் மறையும்படி குழந்தைகள் முன் வைத்து, பார்ப்பதை வரையச் சொன்னார்கள். ஐந்து முதல் ஏழு வயதினர் கண்ணுக்குத் தெரியாத பிடியை வரைந்தார்கள். தெரியும் பூவைப் பலர் விட்டுவிட்டார்கள். எட்டு வயதை எட்டியவர்கள் பிடியை விட்டுப் பூவை வரைந்தார்கள். இளம் குழந்தைகளின் கணக்கு என்னவென்றால், பிடி இருந்தால்தான் அது கோப்பை; பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோப்பை கோப்பைதான். பின்னர் பிடி தெரியும் ஒரு கோப்பையையும் தெரியாத ஒன்றையும் அருகருகே வைத்து வரையச் சொன்னபோது, இளம் குழந்தைகளிலும் பலர் இரண்டாவதில் பிடியை விட்டுவிட்டார்கள். அவர்களின் கண்ணில் குறையில்லை. எதைத் தெரிவிப்பது முக்கியம் என்ற முடிவுதான் மாறியது.

வரைமுறை ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அதை உடைப்பதும் கடினம். இல்லாத மனிதர் ஒருவரை வரையுங்கள் என்று ஆனெட் கார்மிலோஃப்-ஸ்மித் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் கேட்டபோது, நான்கு முதல் ஆறு வயதினர் பெரும்பாலும் உறுப்பின் அளவையோ வடிவத்தையோ மாற்றினார்கள், அல்லது ஓர் உறுப்பை நீக்கினார்கள். எட்டு முதல் பத்து வயதினர் உறுப்புகளின் இடத்தை மாற்றினார்கள், வேறு வகை உயிரின் உறுப்பை மனித உருவத்துக்குள் கொண்டுவந்தார்கள். கைக்குப் பழகிய வரிசையை இடையில் நிறுத்தி, வேறொன்றைச் செருக, அந்த வரிசையே மனத்தில் ஒரு பொருளாக மாறியிருக்க வேண்டும்.

சூழலின் பங்கும் சிறிதன்று. மத்திய ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மக்கள் மணலில் கதை வரையும்போது, அமர்ந்திருக்கும் மனிதரை மேலிருந்து பார்த்தது போன்ற லாட வடிவத்தால் குறிப்பார்கள். அங்குள்ள குழந்தைகள் அந்த வடிவத்தையும், பள்ளிகளில் பரவலான தலை உடல் கை கால் கொண்ட உருவத்தையும் ஒரே தாளில் சேர்த்தே வரைவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குழந்தை உலகைப் பார்த்து வரைவதோடு, பிறர் வரைந்ததைப் பார்த்தும் வரைகிறது.

## எழுத்து, எண், நிலப்படம்

ஓவியத்தில் கற்ற உறவைக் குழந்தை எழுத்துக்கும் கொண்டுவருகிறது. அங்கே அது செல்லாது என்பதை மெல்லக் கற்கிறது. எமிலியா ஃபெரைரோவும் ஆனா தெபெரோஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், எழுதப் படிக்கத் தொடங்காத குழந்தைகளுக்கும் எழுத்தைப் பற்றிச் சொந்தக் கருதுகோள்கள் உண்டு என்று காட்டினார்கள். பெரிய பொருளின் பெயரில் அதிக எழுத்துகள் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தமிழில் "யானை" இரண்டெழுத்து, "எறும்பு" நான்கெழுத்து. இந்தக் கருதுகோளோடு வரும் குழந்தைக்கு நீளமான சொல்லே யானையாக இருக்க வேண்டும். எழுத்து ஒலியைக் குறிக்கிறது, பொருளைக் குறிப்பதில்லை என்பது அதற்கு இன்னும் புலப்படவில்லை. இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. படத்தில் சரியாக வேலை செய்த விதியை அடுத்த இடத்தில் சோதித்துப் பார்க்கும் அறிவு அது.

எண்ணிலும் இதுவே. மார்ட்டின் ஹியூஸ் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மூடிய டப்பாக்களுக்குள் எத்தனை கட்டைகள் உள்ளன என்று வெளியே குறித்துவைக்கச் சொன்னார். சிலர் கட்டைகளை வரைந்தார்கள், சிலர் ஒரு கட்டைக்கு ஒரு கோடு போட்டார்கள், சிலர் எண்ணை எழுதினார்கள். காலி டப்பாவின் மேல் தாளை வெறுமையாகவே விட்ட குழந்தைகளும் உண்டு. ஒன்றுமில்லை என்பதைக் குறிக்க அதைவிடப் பொருத்தமான குறி எது?

நிலப்படத்தில் எந்த ஒற்றுமை குறியீட்டுக்கு உரியது, எது உரியதன்று என்ற கேள்வி நெடுநாள் நீடிக்கிறது. படத்தில் சிவப்பாக உள்ள சாலை உண்மையிலும் சிவப்பாக இருக்கும் என்றும், கோடு இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் அதில் இரண்டு வண்டிகள் போக முடியாது என்றும் சிறு குழந்தைகள் சொன்னதை லின் லிபனும் ரோஜர் டவுன்ஸும் பதிவு செய்திருக்கிறார்கள். சாலையின் வளைவு படத்திலும் அப்படியே இருக்கிறதே, பிறகு நிறமும் அகலமும் மட்டும் ஏன் இல்லை? பெரியவர்கள் யோசிக்காமல் பின்பற்றும் மரபுகள் இவை.

## நடைமுறையில் இதன் விளைவுகள்

1. புத்தகங்களும் கற்றல் கருவிகளும். இழுக்க, திறக்க, அழுத்த வசதிகள் உள்ள புத்தகங்களைவிட எளிய படங்கள் கொண்ட புத்தகங்களிலிருந்து இரண்டு, மூன்று வயதினர் அதிகம் கற்றதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கேலிச்சித்திரங்களைவிட உண்மைத் தோற்றமுள்ள படங்களிலிருந்து கற்றதை மெய்ப்பொருளுக்குக் கொண்டுசெல்வதும் எளிதாக இருந்தது. கணக்குக்குப் பயன்படும் கட்டைகளுக்கும் மணிகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அவை எண்ணைக் குறிக்கின்றன என்பது ஆசிரியருக்குத் தெரியும், குழந்தைக்கு அவை கட்டைகளாகவே நின்றுவிடலாம். கருவியை எழுதிய எண்ணோடு ஒவ்வொரு படியிலும் இணைத்துச் சொல்ல வேண்டும்.

2. ஓவியத்தால் அறிவை அளப்பது. ஃப்ளோரன்ஸ் குடினஃப் 1926-இல் மனித உருவம் வரையும் சோதனையை நுண்ணறிவு அளவுகோலாக உருவாக்கினார். 1963-இல் டேல் ஹாரிஸ் அதை விரிவாக்கினார். உறுப்புகளை எண்ணி மதிப்பெண் தரும் முறை அது. நுண்ணறிவுச் சோதனைகளோடு ஒப்பிட்ட பிற்கால ஆய்வுகளில் தொடர்பு பலவீனமாகவே இருந்தது. உடல் இல்லாத உருவம் திட்டமிடலைப் பற்றியும் பழகிய வரைமுறையைப் பற்றியும் சொல்லும் அளவுக்கு அறிவைப் பற்றிச் சொல்வதில்லை. கறுப்பு வண்ணம் துயரம், பெரிய கை முரட்டுத்தனம் என்று ஒற்றைக் கூறுகளை வைத்து மனத்தைப் படிப்பதற்கும் உறுதியான சான்று இல்லை. பெரிய கை வந்ததற்குக் காரணம் தாளில் இடத்தைத் திட்டமிட்ட விதமாக இருக்கலாம்.

3. பொம்மையை வைத்து விசாரிப்பது. குழந்தைகள் மீதான பாலியல் குற்ற விசாரணைகளில் உடலமைப்பு கொண்ட பொம்மைகளைக் கொடுத்து, நடந்ததைக் காட்டச் சொல்லும் வழக்கம் 1980-களில் பரவியது. பேச இயலாததைக் காட்ட இயலும் என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணம். ஆனால் பொம்மையின் உடல் தன் உடலைக் குறிக்கிறது என்று கொள்வதற்கே இரட்டைப் பிரதிநிதித்துவம் தேவை. தன் உடலில் ஒட்டிய சிறு வில்லையைப் போன்ற ஒன்றைப் பொம்மையின் அதே இடத்தில் ஒட்டச் சொன்னபோது மிக இளம் குழந்தைகள் பல முறை தவறினார்கள். பொம்மையோடு கேட்டதால் கிடைத்த தகவல் நேரடிக் கேள்விகளால் கிடைத்ததைவிட மேலானதாக இல்லை என்று டிலோச்சும் மார்சோல்ஃபும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இங்கே தவறான புரிதலின் விலை, பாதிக்கப்பட்ட குழந்தைக்கு நீதி கிடைக்காமல் போவதாகவோ, குற்றமற்றவர் தண்டிக்கப்படுவதாகவோ முடியலாம்.

4. வரைந்துகொண்டே பேசுவது. ஓவியத்தைப் பெரியவர் படிப்பதற்கும், குழந்தை வரைந்துகொண்டே பேசுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் தாங்கள் மகிழ்ந்த, வருந்திய, அஞ்சிய நிகழ்வுகளைக் கேட்ட குரோஸ், ஹெய்ன் ஆகியோரின் 1998 ஆய்வில், வரைந்தபடி பேசியவர்கள் வெறுமனே பேசியவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலான செய்திகளைச் சொன்னார்கள். படத்திலிருந்து பிறர் ஊகித்தவை அல்ல அவை. குழந்தையே வாய்திறந்து சொன்னவை. ஆனால் கேட்பவர் நடக்காத ஒன்றை இடையில் நுழைத்து, அதையும் வரையச் சொன்னால், நடந்தவற்றோடு நடக்காததும் குழந்தையின் நினைவில் ஏறிவிடுகிறது என்பதும் 2000-இல் வெளியான வேறோர் ஆய்வில் தெரியவந்தது. அதனால் இம்முறையில் கேட்பவருக்கு உரிய கேள்வி "என்ன நடந்தது, வரைந்துகொண்டே சொல்" என்பதோடு நிற்க வேண்டும்; "அவர் உன்னை அடித்தாரா, அதை வரை" என்ற நிலைக்குப் போகக் கூடாது.